7. டீசலா, பெட்ரோலா? பழைய வெஸ்ட்ஃபாலியாவுக்கு மாற்று இன்ஜின்

“அண்ணா, டீசல் இன்ஜின் மாத்திட்டா, மிச்சமாகுற காசுலயே போட்ட பணம் வந்துடும்ல?”

அமெரிக்காவில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனை ஆசையாக வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் வளர்ந்த ஊரில் பல பத்தாண்டுகளாக டீசல் பெட்ரோலைவிட மலிவு. பிழைப்புக்கு ஓடும் வேனும் லாரியும் டீசலில்தான் ஓடின. டீசல் என்றாலே மிச்சம் என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கே பம்புக்குப் போனால் பெரும்பாலான நாட்களில் டீசல்தான் விலை கூடுதலாக இருக்கும்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம். விடுமுறைக்கு மட்டும் எடுக்கிற வேன் வருடத்துக்கு 6,000 மைல் ஓடுகிறது என்று வையுங்கள். அதுவே தாராளமான கணக்கு. பெட்ரோல் இன்ஜின் கேலனுக்கு 20 மைல் கொடுத்தால் 300 கேலன் வேண்டும். டீசல் 28 மைல் கொடுத்தால் 214 கேலன். பெட்ரோல் கேலனுக்கு மூன்றரை டாலர், டீசல் நான்கு டாலர் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றுக்கு 1,050 டாலர், மற்றதற்கு 856 டாலர். வருடத்துக்கு மிச்சம் 194 டாலர். டீசல் மாற்றத்துக்குக் கூடுதலாக 5,000 டாலர் ஆகிறது என்றால் அதைத் திரும்ப எடுக்க 25 வருடத்துக்கு மேல் ஆகும். வேனுக்கோ இப்போதே 30 வயது தாண்டிவிட்டது. வேனிலேயே குடியிருந்து வருடத்துக்கு 20,000 மைல் ஓட்டுகிறவருக்கு மட்டும் அதே விலையில் எட்டு வருடத்துக்குள் பணம் திரும்பும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே எரிபொருள் மிச்சத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். இந்த முடிவை எடுக்க உதவுகிற கேள்விகள் வேறு. வேன் எங்கே நின்றுபோகும்? நின்றால் அங்கே யார் பார்ப்பார்கள்? பாகம் எத்தனை நாளில் வரும்? நெவாடாவில் ஒரு சின்ன ஊர்ப் பட்டறை வாசலில் இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் காத்திருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை முதலில் வைக்கிறேன்.

இங்கே பெட்ரோலை எல்லோரும் ‘கேஸ்’ என்பார்கள். நம் வேனில் சமையல் கேஸ் தொட்டியும் இருப்பதால் குழப்பம் வேண்டாமென்று இந்த நூல் முழுக்கப் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

இந்த வேனுக்கு என்ன குறை

ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை டிரான்ஸ்போர்ட்டர் 1979இல் வந்தது. அமெரிக்காவில் அதற்கு வேனகன் என்று பெயர். 1991 மாடல் வரை விற்றார்கள். கூரை தூக்கி, அடுப்பு, குளிர்பெட்டி, கட்டில் எல்லாம் வைத்துக் கொடுத்தது ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். இன்ஜின் பின்னால், கட்டிலுக்கு அடியில். தண்ணீரால் குளிரும் வேன்களில் ரேடியேட்டர் முன்னால், ஓட்டுநரின் காலுக்கு முன்பு. இரண்டுக்கும் நடுவே வேனின் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மாற்று இன்ஜினில் வருகிற தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் காற்றால் குளிரும் 2 லிட்டர் இன்ஜின் வந்தது. பிறகு தண்ணீரால் குளிரும் படுக்கை நான்கு சிலிண்டர் வந்தது, ‘வாசர்பாக்ஸர்’ என்பார்கள். 1986 முதல் அது 2.1 லிட்டர், 95 குதிரைத்திறன். சாமான், தண்ணீர், ஆட்கள் ஏறினால் வேன் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். அந்தச் சுமைக்கு 95 என்பது சமவெளியில் போதும், மலையில் பெருமூச்சு.

திறன் குறைவு என்பதைவிடப் பெரிய குறை சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. தண்ணீர் வெளியே வராமல் பிடிப்பது ரப்பர் கேஸ்கட். அது உட்காருகிற அலுமினிய விளிம்பைத் தவறான கூலன்ட் அரித்துத் தின்றுவிடும். பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்தால், ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோட்டில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைக் கசிவு தெரியும். அது தெரிந்துவிட்டால் இன்ஜினை இறக்குகிற நாள் நெருங்கிவிட்டது. என் 1987 வேனில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டும் ஒரு கோடை முழுக்க ஓட்டினேன். நெவாடாவில் நின்றது அதனால்தான்.

வாசர்பாக்ஸரையே புதுப்பிப்பதும் ஒரு வழி. வருடத்துக்கு 2,000 மைல்கூட ஓடாது, வேன் அசலாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் அதையே செய்யுங்கள். அதற்கு மேல் அதைப்பற்றி இந்த அத்தியாயத்தில் பேசப்போவதில்லை.

பெட்ரோல் பக்கம்

பெட்ரோல் மாற்று என்றால் அமெரிக்காவில் பெரும்பாலோர் போகும் இடம் சுபாருவின் 2.2 லிட்டர் இன்ஜின். இஜே22 என்பது அதன் பெயர். 1990 முதல் லெகசி காரில் வந்தது, 130 குதிரைத்திறன். அதுவும் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் என்பதால் கட்டிலுக்கு அடியில் உள்ள குழியில் உயரப் பிரச்சினை இல்லாமல் உட்காரும். மூடி அதன் இடத்திலேயே மூடும், கட்டில் அதன் உயரத்திலேயே இருக்கும்.

இந்த இன்ஜின் மேல் எனக்கு உள்ள பிரியத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. 1996 வரை வந்த இஜே22இல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. பெல்ட் அறுந்தால் இன்ஜின் நின்றுபோகும், அவ்வளவுதான். புதுப் பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். சாலையோரம் வாழ்கிற வண்டிக்கு இது பெரிய வரம். 1997இலிருந்து அந்த வசதி போய்விட்டது. ஆகவே காயலான் கடையில் பேரம் பேசும்போது வருடத்தைக் கறாராகக் கேளுங்கள். 2.5 லிட்டர் இன்னும் இழுக்குமே என்று ஆசை காட்டுவார்கள். 1990களின் பின்பாதியில் வந்த 2.5 லிட்டர் இன்ஜின் ஹெட் கேஸ்கட் தொல்லைக்குப் பெயர் போனது. அந்தத் தொல்லையிலிருந்து விடுபடத்தானே இத்தனை பாடு?

சுபாரு பொருத்துவதில் வேலை இருக்கிற இடங்கள் நான்கு. கியர்பாக்ஸோடு இணைக்க அடாப்டர் தட்டும் அதற்குப் பொருத்தமான ஃப்ளைவீலும் வேண்டும். இவை தயாராகக் கிடைக்கின்றன. இரண்டாவது ஆயில் சம்ப். அது வேனுக்கு அடியில் தொங்கும். வெட்டிக் குட்டையாக்கிய சம்ப் போடாவிட்டால் முதல் மண்பாதையிலேயே கல்லில் இடிக்கும். மூன்றாவது தண்ணீர்க் குழாய். சுபாருவின் தெர்மோஸ்டாட் இன்ஜினுக்குத் தண்ணீர் உள்ளே வருகிற பக்கம் இருக்கிறது. நம் வேனில் ரேடியேட்டர் அவ்வளவு தூரத்தில் இருப்பதால், சூடான தண்ணீரில் கொஞ்சம் சுற்றி வந்து தெர்மோஸ்டாட்டைத் தொடும்படி குழாயை அமைக்க வேண்டும். இல்லையென்றால் வெப்ப முள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும்.

நான்காவது ஒயரிங். பணமும் பொறுமையும் கரைவது இங்கேதான். காரிலிருந்து ஒயரிங் முழுவதையும் எடுத்து, வேனுக்குத் தேவையில்லாததைக் கழித்து, இன்ஜின் கணினிக்கு வேண்டியதை மட்டும் விட வேண்டும். இதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடுங்கள். நான் முதலில் கொடுத்த பட்டறையில் ஒயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு ராத்திரி, வேன் விக்கி விக்கி நின்றது. கட்டில் மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, நனைந்த டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு இணைப்பும் ஈயம் பற்றவைத்தோ சரியாக நெருக்கியோ, மேலே சுருங்கும் உறை போட்டு இருக்க வேண்டும். வேலையை வாங்கும்போது படம் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோலுக்கு ஒரு எச்சரிக்கை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேனகன்கள் தீப்பிடித்து எரிந்த கதைகளில் அடிக்கடி வருவது பழைய பெட்ரோல் ஹோஸ். இன்ஜின் இறங்கியிருக்கும்போதே, தொட்டியிலிருந்து இன்ஜின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். ஒரு ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது உயிருக்கு ஆபத்து. குளிர்பெட்டி கேஸில் எரிந்துகொண்டிருந்தால் பம்புக்குள் நுழையும் முன்பே அணைத்துவிடுங்கள்.

டீசல் பக்கம்

வேனகனில் டீசல் புதிதல்ல. 1982, 1983 மாடல்களில் 1.6 லிட்டர் டீசலை அமெரிக்காவிலேயே விற்றார்கள். திறன் 50 குதிரைத்திறனைச் சுற்றித்தான். ஏற்றத்தில் லாரிகள் தாண்டிப் போகும். ஐரோப்பாவுக்கு மட்டும் 70 குதிரைத்திறன் டர்போ டீசல் வந்தது.

இன்று டீசல் போட நினைப்பவர் தேடுவது டிடிஐ எனப்படும் ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டர்போ டீசல். அதில் இரண்டு ரகம். 1990களின் நடுவில் பஸாட், ஜெட்டாவில் வந்த ஏஹெச்யூ. அதன் பிறகு 2003 வரை கோல்ஃப், ஜெட்டா, பீட்டிலில் வந்த ஏஎல்ஹெச். இரண்டும் 90 குதிரைத்திறன். 2015இல் வெடித்த ஃபோக்ஸ்வாகன் டீசல் மாசு மோசடியில் சிக்கியவை இதற்குப் பின்னால் வந்த இன்ஜின்கள். இவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

90தானே, சுபாருவின் 130 எங்கே என்று கேட்பீர்கள். இழுவையைப் பாருங்கள். டிடிஐ நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இழுக்கிறது. சுபாரு தன் 130ஐக் கொடுக்க 5,500 சுற்றுக்கு மேல் கத்த வேண்டும். டிடிஐ வேனில் மூன்றாவது கியரிலேயே, அலட்டிக்கொள்ளாமல், லாரி மாதிரி ஏற்றத்தில் ஏறலாம்.

உயரம் ஏற ஏற இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் திறனை இழக்கும், காற்று மெலிவதால். டென்வருக்கு மேற்கே, 70ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் நுழையும் இடம் சுமார் 11,000 அடி. அங்கே சுபாருவின் 130, கிட்டத்தட்ட 87 ஆகிவிடும். டர்போ மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் டிடிஐ தன் 90இல் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும். கொலராடோவில் வசிப்பவர், வாரம்தோறும் மலைக்குப் போகிறவர் டீசலை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் புகைக்குழாய் வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். இன்ஜின் பின்னால் மூடிய குழிக்குள் இருக்கிறது. டர்போவின் சூடு வெளியேற வழி குறைவு. இன்டர்கூலருக்குக் காற்று படும் இடமாகப் பார்த்து வைப்பதும் எளிதல்ல. முழு மிதியில் நீண்ட ஏற்றம் ஏறினால் பிஸ்டன் உருகும் அளவுக்கு வெப்பம் போக முடியும்.

பொருத்தும் விதத்தில் ஒரு முக்கியமான விஷயம். இந்த இன்ஜின் காரில் நிமிர்ந்து நிற்பது. பழைய டீசல் வேனகனில் கம்பெனியே அதன் முன்னோரை 50 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்திருந்தது, மூடி மூடுவதற்காக. அந்த டீசல் வேனின் சம்ப், மவுண்டிங், பெல் ஹவுசிங் இருந்தால் டிடிஐயையும் அதே போலச் சாய்த்து வைத்துவிடலாம். இவை எண்ணிக்கையில் குறைவு, விலையும் ஏறிவிட்டது. சாய்க்காமல் வைத்தால் மூடியை உயர்த்த வேண்டும், கட்டில் மேடாகும். அதில் படுப்பவர் நீங்கள்தான். ஆகவே உங்களிடம் இருப்பது 1982, 1983 டீசல் வேன் என்றால், எனக்குத் தயக்கமே இல்லை: டிடிஐ போடுங்கள். பாதி வேலையைக் கம்பெனி முடித்துக் கொடுத்திருக்கிறது.

பெட்ரோல் வேனில் டீசல் வைக்கும்போது பலர் மறக்கும் ஒன்று பிரேக். பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த இழுப்பு கிடையாது. தனி வேக்குவம் பம்பு வேண்டும். காரிலிருந்து இன்ஜினை எடுக்கும்போதே அதையும் சேர்த்து எடுத்து, ஹோஸை பூஸ்டருக்கு இழுத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு வேனைத் தெருவுக்கு எடுத்தால் முதல் சிக்னலில் பிரேக் மிதி மரம் போல் இறுகியிருக்கும், வண்டி எளிதில் நிற்காது.

டிடிஐயில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்; இன்ஜின் போயிற்று. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்பு மூன்றையும் பொருத்தும் முன்பே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஏஎல்ஹெச்சில் சாவியைத் தெரிந்துகொண்டு இன்ஜினைத் தடுக்கும் பூட்டு கணினிக்குள் இருக்கலாம். அதை நீக்கித் தருபவரை முதலிலேயே பிடித்துவையுங்கள்.

சத்தமும் வாசனையும் உண்டு. சமவெளியில் ஆறு மணி நேரம் ஓட்டினால், பின் இருக்கையில் உள்ளவர்களோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இன்ஜின் மூடிக்கு அடியில் நல்ல சத்தம் அடக்கும் விரிப்பு போட்டால் பெருமளவு குறையும். டீசல் சிந்தினால் பெட்ரோல் போல ஆவியாகிப் போகாது. என் நண்பர் ஒருவரின் வேனில் இன்ஜெக்டர் திரும்பு குழாய் ஒன்று, தீக்குச்சி கனம்கூட இல்லாதது, கசிந்தது. குழாயின் விலை அற்பம். மெத்தையிலிருந்து வாசனை போக ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் அந்தக் கசிவு பெட்ரோலாக இருந்திருந்தால் மெத்தை மிஞ்சியிருக்குமா என்றும் யோசிக்க வேண்டும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில் இருக்கும் வண்டிக்கு அது உண்மையான நன்மை.

கியர்பாக்ஸைக் கேளுங்கள்

இன்ஜின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கே. பெட்ரோல் வேனகனின் நான்கு கியர் பெட்டியில், நான்காவது கியரில் 60 மைல் வேகத்துக்கு இன்ஜின் சுமார் 3,300 சுற்று ஓடும். 70 மைலுக்கு ஏறக்குறைய 3,900. சுபாருவுக்கு அது சாதாரணம். டிடிஐயின் திறன் 4,000 சுற்றில் முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலை முழுக்க அதைத் தொண்டை கிழியக் கத்தவைத்தால் மைலேஜும் போகும், காதும் போகும். நான்காவது கியரையும், அதோடு பொருந்த மூன்றாவதையும் மாற்ற வேண்டும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். மேலே சொன்ன 5,000 டாலர் வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. உங்கள் வேன் மூன்று வேக ஆட்டோமேட்டிக் என்றால் டீசல் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

எந்த இன்ஜின் வைத்தாலும் பழைய பெட்டிக்கு அது கூடுதல் சுமை. கியரை அடித்து மாற்றாதீர்கள்.

சட்டம்

இன்ஜின் வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கும் 1998 முதலான டீசல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை உண்டு. மாற்று இன்ஜின் வேனின் வருடத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அது வந்த காரில் இருந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் எல்லாம் கூடவே வர வேண்டும். ரெஃப்ரீ எனப்படும் அரசுப் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். டீசல் மாற்றிவிட்டால் சோதனையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; பழைய டீசலுக்கு உள்ள விலக்கு டீசலாகவே பிறந்த வண்டிக்கு. மாற்றப்போவதை ரெஃப்ரீயிடம் முன்கூட்டியே சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கிற மாதங்கள்

கேம்பர் வேன் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் சில மாதத்தில் கெட்டு, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நிறுத்தும் முன் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிடுங்கள். டீசல் தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அதில் கிருமி வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாக ஃபில்டரை அடைக்கும். தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள், ஃபில்டரின் தண்ணீரை வடித்துவிடுங்கள். கடுங்குளிர் ஊர்களில் டீசல் கூழாகும் என்பதால் குளிர்கால டீசல் போட்டு நிறுத்துங்கள்.

நான் எதைப் போடுவேன்

விடுமுறைக்கு ஓடுகிற பெட்ரோல் வேனுக்குச் சுபாரு. மேற்குக் கரையில் எந்தச் சின்ன ஊரிலும் பழைய சுபாரு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருப்பார். ஆல்டர்னேட்டர், பெல்ட், சென்சார் பெரும்பாலும் மறுநாள் காலை பாகக் கடைக்கு வந்துவிடும். டீசல் பம்பையோ டர்போவையோ தொடத் தெரிந்தவர் அந்த ஊரில் அரிது. டீசலாகப் பிறந்த வேனுக்கு டிடிஐ. பெட்ரோல் வேன் என்றால், உயர்ந்த மலைநாடு, வருடம் முழுக்க ஓட்டம், சொந்தக் கையால் வேலை செய்யும் பழக்கம் — இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் மட்டும் டிடிஐ.

எதுவானாலும் இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். விபத்தில் சிக்கிய, இன்னும் ஓடுகிற முழுக் காரை வாங்குங்கள். அழுத்தம் சோதித்து, அரை மணி ஓடவிட்டுக் கேட்டு, பிறகு இறக்குங்கள். ஒயரிங், கணினி, வேக்குவம் பம்பு, மிதி சென்சார் என்று தனித்தனியாகத் தேடினால் அந்தக் காரின் விலைக்கு மேலே போய்விடும்.

பொருத்தி முடித்த நாள், கூலன்ட் நிரப்புவதில் அவசரம் வேண்டாம். குழாய் நீளத்தால் 15 லிட்டருக்கு மேல் பிடிக்கும், நடுவே எங்கும் காற்று அடைத்துக்கொள்ளும். வேனின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். மேல் கிரில்லைக் கழற்றினால் ரேடியேட்டரின் தலையில் காற்றுத் திருகு இருக்கும், அதைத் தளர்த்துங்கள். ஹீட்டர்கள் இரண்டையும் முழுக்கத் திறந்து, ஒருவர் இன்ஜினை 2,000 சுற்றில் பிடிக்க, இன்னொருவர் பின்னால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திருகிலிருந்து முதலில் காற்று சீறும், பிறகு குமிழியும் தண்ணீரும் மாறி மாறித் துப்பும், கடைசியில் குமிழி இல்லாமல் ஒரே ஒழுக்காக வரும். அப்போது இறுக்குங்கள். ஹீட்டரில் கை வைத்தால் சூடு அடிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருங்கள். முன்னால் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று, தானாக நின்று, மறுபடி ஒருமுறை சுழலும்வரை வேனை வாசலைவிட்டு எடுக்காதீர்கள்.